கைராசி என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது

இன்று காலை என் விரல் பட்டதும் ஒரு சர்க்யூட் போர்டு உயிர்பெற்று ஓடியது. அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

என் டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்த போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சிப்பில் புரோகிராமை ஏற்றுவாள். கம்ப்யூட்டர் சரிபார்த்துவிட்டு ‘வெரிஃபை எரர்’ என்று சிவப்பில் காட்டும். மறுபடி ஏற்றுவாள், மறுபடி சிவப்பு. அவள் மேசையைச் சுற்றிச் சால்டரிங் புகை வாசனை. என்னவென்று பார்க்கக் குனிந்தேன். போர்டின் ஓரத்தில் என் விரல் பட்டது, திரை பச்சையாகிவிட்டது. “மேடம், உங்களுக்கு கைராசி!” என்று அவள் கைதட்டினாள். நான் சுட்டுக்கொண்டவள் போல விரலை இழுத்துக்கொண்டேன். “அந்த வார்த்தைய இந்த ரூம்ல சொல்லாத” என்றேன். சொன்ன தொனி எனக்கே பிடிக்கவில்லை. பிறகு கேபிளைப் பிரித்துப் பார்த்தோம். கிரவுண்ட் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. பாவம், அந்தப் பெண் சாயங்காலம் வரை என் பக்கமே வரவில்லை.

அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உன்னை எனக்கு அந்த வார்த்தையோடுதான் அறிமுகப்படுத்தினார்கள். கும்மிடிப்பூண்டியில் நாம் வேலை பார்த்த அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் நான் சேர்ந்த அன்று, முதலாளியே கையை நீட்டிக் காட்டினார். “அதோ, கதவாண்ட உக்காந்துக்கினு கீதே, அதான் நம்ம கைராசிக்காரி. யாராண்டயும் மசியாத போர்டு அது கையில மசிஞ்சிடும்.” நீ தலையைத் தூக்காமல், “அப்படியெல்லாம் ஒன்னும் இல்ல” என்றாய். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் வருகிற பெண் என்று சொன்னார்கள். வீட்டில் எல்லாரும் வியாபாரம். டிப்ளமா படித்து மின்சாரத்தைக் கட்டிக்கொண்டு அழுதது நீ ஒருத்திதான். நான் ஊத்துக்கோட்டைப் பக்கம், நெல் விளையும் வீடு. ஒரு வாரத்துக்குள் நீ என்னை ‘ஊத்துக்கோட்டை’ என்றும் நான் உன்னைப் ‘பழவேற்காடு’ என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். சம்பளக் கவரில் மட்டும்தான் நமக்குச் சொந்தப் பெயர்.

நாம் செய்தது பவர் பிரஸ்ஸுக்கான போர்டு. தகட்டை அடித்து வடிவமாக்குகிற அந்த யந்திரத்தில், இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் ஒரேசமயம் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கவேண்டும். ஒரு கை சும்மா இருந்தால் அது தகட்டைச் சரிசெய்யப் போகும். போன கை திரும்பி வராது. இரண்டு கையும் பட்டனில்தான் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்வது நம் சிப்பின் வேலை. நீ இதை எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. “இது மிக்ஸி போர்டு இல்ல டீ. நாம தூங்கினா அங்க ஒருத்தரு சோறு பெசைய கை இல்லாம பூடுவாரு.”

சிப்பில் புரோகிராம் ஏற்றுவது அன்றைக்கெல்லாம் பெரிய பேஜார். என் மேசையில் பத்தில் பாதி ஏறாது. சிப்பைக் கழற்றுவேன், அதன் உலோகக் கால்களை அழிரப்பரால் துடைப்பேன், கேபிளை மாற்றுவேன், வோல்ட்டேஜ் பார்ப்பேன், கடைசியில் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் கும்பிடுவேன். எதற்கும் மசியாததை உன் மேசைக்குக் கொண்டுவருவேன். நீ இடது கையை போர்டின்மேல் லேசாக ஊன்றிக்கொண்டு வலது கையால் பட்டனைத் தட்டுவாய். பாஸ். ஷெட் முழுக்க எல்லோரும் அப்படித்தான் செய்தோம். பழுதானது என்ன என்று யாரும் தேடவே இல்லை. கைராசிக்காரி ஒருத்தி இருக்கும்போது தேடுவானேன்? பாஸான போர்டில் பச்சையாக ஓகே ஸ்டிக்கரை ஒட்டி நீலப் பெட்டிக்குள் பொருத்தி அனுப்பிவிடுவோம்.

உனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. புகழ்ந்தால் முகம் சுளிப்பாய். “போர்டுக்கு மூடெல்லாம் கெடையாது. காரணம்தான் கீது” என்பாய். அடக்கம் என்று நினைத்தேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். தரையைக் கழுவிக் கோலம் போட்டு, கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரிகடலை கட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் வேலையைச் சும்மா தொட்டு வைப்பது வழக்கம். ஆளுக்கு ஒரு போர்டு ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முதலாளி குறும்புக்காரர். நல்ல நாளில் எது தொட்டாலும் துலங்கும் என்று சொல்லி, பழுது என்று உன் மேசைக்கு ஒதுக்கிவைத்த போர்டு டப்பாவையே தூக்கிவந்து நடுவில் வைத்தார். “மொதல்ல கைராசிக்காரி” என்றார். நீ வாய்க்குள் பிஸ்மி சொல்லி ஏற்றினாய், பாஸ். அடுத்தது நான், பாஸ். எனக்குப் பின்னால் பேக்கிங்கில் இருந்த அக்கா, சும்மா விளையாட்டுக்கு. அதுவும் பாஸ். டப்பா காலியாகும்வரை ஒன்றுகூடத் தவறவில்லை. முதலாளி கண்கலங்கிச் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லாரும் கும்பிட்டோம். நீ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாய்.  “ஊத்துக்கோட்டை, போய் செருப்பு போட்டுக்கினு வா.”

“பூஜை போட்ட எடத்துல செருப்பா? இன்னா டீ ஆச்சு ஒனக்கு?”

“போட்டுக்கினு வா டீ. சாமி ஒன்னும் சொல்லாது. நான் பேசிக்கறேன்.”

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தேன். பாஸான அதே போர்டை என் கையில் கொடுத்தாய். ஏற்றினேன், சிவப்பு. “கழட்டு” என்றாய். வெறுங்காலோடு நின்று ஏற்றினேன், பச்சை. மறுபடி மாட்டச் சொன்னாய், மறுபடி சிவப்பு. முதலாளியின் கையிலிருந்த கற்பூரத் தட்டு அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. தினமும் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நாங்கள். நீ மட்டும் வேலை செய்கிற இடத்தில் செருப்பு போடமாட்டாய், அது உன் வீட்டுப் பழக்கம். கதவோரத்து ஈரத் தரையில் வெறுங்காலை வைத்துக்கொண்டுதான் உட்காருவாய்.

அன்றைக்கே போர்டைத் திருப்பிப் பார்த்துப் பழுதைப் பிடித்துவிட்டாய். சிப்பின் ஒரு காலை எதோடும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டிருந்தார்கள். அந்தக் காலில் மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் சிப் தன் வேலையைப் பார்க்கும். உயர்ந்துவிட்டால், தன்னைப் புதிதாக எழுதப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டு நின்றுவிடும். சுற்றி ஓடுகிற மின்சாரத்தின் இரைச்சலே அதை ஏற்றி இறக்கப் போதும். ஈரத் தரையில் வெறுங்காலோடு இருப்பவரின் கை பட்டால் அந்த இரைச்சல் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விடும். செருப்பு போட்டவரின் கை பட்டால் இன்னும் கூடும். அங்கே ஒரு ரெசிஸ்டர் வைக்க இடம்கூட விட்டிருந்தார்கள். மாதிரிக்குச் செய்த முதல் போர்டு அது இல்லாமலே ஓடிவிட்டதால் யாரும் வைக்கவில்லை. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு வளையம் போட்ட ஓர் அரிசி அளவு சாமான். அதை வைத்து அந்தக் காலைக் கிரவுண்டோடு சேர்த்ததும் செருப்பு போட்டாலும் போடாவிட்டாலும் எல்லாம் பாஸ்.

எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. நீ மட்டும் சுவரோரம் போய் உட்கார்ந்தாய். பக்கத்தில் வந்து உட்கார்ந்த என்னிடம் மெதுவாகச் சொன்னாய். “நான் பாஸ் பண்ணதெல்லாம் வெளிய பூட்சே டீ. என் காலு அது கூட போவலியே.”

 அந்தரத்தில் தொங்கும் காலோடு அந்த போர்டுகள் ஊரெல்லாம் பிரஸ்களில் உட்கார்ந்திருக்கின்றன. சிப் நடுவில் மயங்கி நின்றால் அச்சு மேலேயே நிற்குமா இறங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலாளி கெட்டவர் இல்லை. இனிமேல் போகிறதுக்கெல்லாம் ரெசிஸ்டர் போடுங்கள் என்று உடனே சொல்லிவிட்டார். போனதைப் பற்றிக் கேட்டபோதுதான் இழுத்தார். “ஒரு கம்ப்ளெயின்ட் கூட வரல பாப்பா. ஓடற மிஷின போய் ஏன் நோண்டணும்?”

நீ அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “ஓடுதுன்னு நமக்கு இன்னா தெரியும் மொதலாளி? அங்க நிக்கறவரு செருப்பு போட்டுக்கினு கீறாரா, இல்லியா? இன்னிக்கி போடாம நின்னவரு நாளைக்கி புதுசா வாங்கி போட்டுக்கினு வந்தா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எந்தெந்த ஷெட்டுக்குப் போனது என்று வாயாலேயே வரிசையாகச் சொன்னார். வார விடுமுறையில் போய்க்கொள்ளுங்கள், பஸ் செலவு என்னுடையது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சோற்று டப்பா, அதன் பக்கத்தில் துணியில் சுற்றிய சால்டரிங் அயர்ன். உன் உம்மா கட்டிக்கொடுக்கும் இறால் வறுவலுக்காகவே நான் காலையில் நாஷ்டாவைக் குறைத்துக்கொண்டு வருவேன். ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமையும் அடித்துக்கொண்டிருக்கும் பிரஸ்கள் அந்த ஊரில் ஏராளம். சிலர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சிலர், பொம்பளப் பசங்களுக்கு இங்கே என்ன வேலை என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். நீ உள்ளே போனதும் பெட்டியைப் பார்க்கமாட்டாய். முதலில் அங்கே நிற்பவரின் கையைத்தான் பார்ப்பாய். ஒரு தாத்தா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, “இன்னா பாப்பா, ஜோசியமா? கல்யாணம் ஆகி பேரனே எடுத்துட்டேன்” என்றார். நீ அந்தக் கைகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு அப்படி யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஷெட்டிலும் எல்லாக் கைகளும் முழுசாக இருந்தன. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து ரெசிஸ்டரைப் பற்றவைத்தோம். கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி.

அது ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போயிருந்தது. நாம் போனபோது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பிரஸ் நின்ற இடத்தில் தரையிலிருந்து போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் கறுப்பாக எண்ணெய்க் கறை. எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். “மொதலாளி நைனா ஷெட்ட மூடிட்டாரு பாப்பா. கையில டப்பு இல்லன்னு சொன்னாரு. மிஷின லாரில ஏத்திக்கினு போனாங்க.”

“எந்த ஊருக்குமா?”

“ஆந்திரா பக்கம்தான். எங்கன்னு யாருக்குத் தெரியும்?”

நீ அந்த போல்ட்டுகளுக்கு நடுவே போய் நின்றாய். பிரஸ் ஓட்டுகிறவர் நிற்கும் இடம் அது. இரண்டு கையையும் பட்டன் இருந்திருக்கவேண்டிய உயரத்துக்குத் தூக்கினாய், பிறகு கீழே விட்டாய். வா போகலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன். 

அதற்குப் பிறகு நீ பழைய பழவேற்காடு இல்லை. பக்கத்து ஷெட்டில் பிரஸ் தொம்மென்று அடித்தால் உன் தோள் குலுங்கும். முன்னெல்லாம் அந்தச் சத்தத்தில்தானே தலைசாய்த்துத் தூங்குவாய்! ஆந்திரா எல்லையில் தடா பக்கம் போனாய், சத்தியவேடு பக்கம் போனாய், பழைய மிஷின் வாங்கி விற்பவர்களை எல்லாம் கேட்டாய். நான் வந்தது பாதி நாள். மீதி நாள் நீ தனியாகப் போனாய். அலையாதே, உடம்பைப் பார் என்று நான் சொன்னால், “ஒன்னு டீ, ஒன்னே ஒன்னு” என்பாய்.

கண் மஞ்சளாக இருக்கிறது என்று முதலில் சொன்னது பேக்கிங் அக்கா. காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் இருந்தாய். பிறகு சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்க வந்த அன்று உன் வாப்பா, உறவுக்காரர்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று, ரெண்டே நாளில் எழுந்துவிடுவாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெளியே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாய். உன் கை முழுக்க மஞ்சள்.

“வர்றவங்க எல்லாம் எனக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டிட்டு போறாங்க டீ. நீயாச்சும் ஒட்டாத. அது கெடைச்சுதா?”

கிடைத்தது, ரெசிஸ்டர் வைத்தாயிற்று என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. உன் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை. “இன்னும் இல்ல” என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாய். “தேடு” என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

பழவேற்காட்டு வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகை ஓய்ந்தபோது ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, நீ அது கூடவே வேல பாத்தவளாச்சே. நெனவு தப்பினப்புறம் ‘செருப்பு போட்டுக்கினு கீறாரா, செருப்பு போட்டுக்கினு கீறாரா’ன்னு கேட்டுக்கினே இருந்துச்சே எம் பொண்ணு. யாரம்மா அது? யாரு செருப்ப கேட்டுச்சு?”

என்ன சொல்வது? சிப்பைச் சொல்வதா, அந்தரத்தில் தொங்கும் காலைச் சொல்வதா? “வேல விஷயம் உம்மா” என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையும் என்னோடுதான் இருக்கிறது.

இப்போது நான் தேர்வாய் கண்டிகையில் பெரிய கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உடம்பு மின்சாரம் தரைக்குப் போக மணிக்கட்டில் பட்டை, காலடியில் பாய், எல்லாவற்றுக்கும் முறையான எர்த் உண்டு. என்னிடம் வேலை பார்க்கிறவர்கள் என்னை முசுடு என்கிறார்கள். பாஸான போர்டை ஏன் மேடம் மறுபடி பார்க்கிறீர்கள் என்று முணுமுணுக்கிறார்கள். காரணம் தெரியாமல் சரியானது எதுவும் சரியானது இல்லை என்று கத்துகிறேன். கத்துவது நானா நீயா என்று சில சமயம் எனக்கே சந்தேகம். காரணமில்லாமல் ஒரு போர்டு தொட்டதும் ஓடினால், நீ என் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்ப்பது போல இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன், பயம். நீ இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

இன்னொன்றும் தொற்றிக்கொண்டுவிட்டது. எங்கே போனாலும் கைகளைப் பார்க்கிறேன். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவேன். விரல் குறைந்த கைகள் நம் ஊர்ப்பக்கம் எத்தனை என்று உனக்கே தெரியும். பார்த்துவிட்டால் கேட்காமல் இருக்க முடியாது. கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

இன்று சாயங்காலம் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. கம்பியைப் பிடித்திருந்த வலது கையில் நடு விரல்கள் இரண்டும் இல்லை. காலையிலிருந்து மனசு கெட்டிருந்தது, கேட்டேவிட்டேன்.

“அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அது எந்த மிஷின்ல?”

அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “இதுவா? பிரஸ்ல.”

“ரெண்டு பட்டன் வெச்ச பிரஸ்ஸா? நீல டப்பா போட்டதா?”

“பட்டனா? அது கால்ல மெதிக்கற பிரஸ்ஸுமா. அந்தக் காலம். டப்பா ஏது?”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த கணமே என்னை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒரு மனுஷன் விரல் இல்லாமல் எதிரே நிற்கிறார், நம்முடையது இல்லை என்று நான் சந்தோஷப்படுகிறேன். என் முகத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, பக்கத்து சீட்டு காலியானதும் உட்கார்ந்து, விவரம் கேட்டார். சொன்னேன். சிப்பை எல்லாம் சொல்லவில்லை. ஆந்திரா பக்கம் போன ஒரு நீலப் பெட்டி, அதில் ஒரு சின்ன சாமான் வைக்கவேண்டும், வைக்காவிட்டால் யாருக்காவது கை போகும், அதைத் தேடுகிறேன் என்றேன்.

“கம்பெனில தேட சொன்னாங்களா?”

“இல்லண்ணா. என் ஃப்ரெண்டு.”

“அவங்க இன்னும் கேட்டுக்கினு கீறாங்களா?”

“கேட்டுக்கினேதான் கீறாங்க.”

 மாதர்பாக்கம் வந்ததும் அவர் எழுந்தார். “எம் மச்சான் சத்தியவேட்டாண்ட பிரஸ்லதான் நிக்கறான். அவனுக்கு நாலு ஷெட்டு ஆளுங்கள தெரியும். நீல டப்பா, ரெண்டு பட்டன். இன்னிக்கே கேக்கறேன். நாளைக்கும் இதே வண்டிதானே?”

“இதேதான்ணா.”

படியில் கால் வைத்தவர் திரும்பினார். “இன்னொரு ஆளும் தேடுதுன்னு ஒன் ஃப்ரெண்டாண்ட சொல்லுமா” என்றார்.

சொல்கிறேன் என்றேன். இதோ, உன்னிடம் சொல்லிவிட்டேன்.